ஏழாவது போசி

எங்கள் வீட்டுக்குக் காதுகுத்துப் பத்திரிகை வந்தால் நான் பயணப் பையை எடுத்துத் தூசி தட்டுவேன். பத்திரிகையில் எந்த ஊர் போட்டிருக்கிறதோ, அதற்கு நேர் எதிர்த்திசையில் போகிற பஸ்ஸை என் வீட்டுக்காரர் விசாரித்துவிட்டு வருவார். மூன்று வருஷமாக இதுதான் வழக்கம். எங்களுக்குச் சொந்தக்காரர்கள் நிறைய. ஆகவே ஊர்களும் நிறையப் பார்த்தாகிவிட்டது.

இது ஆரம்பித்த கதையைச் சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து, ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கிளினிக்கில், டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு, "இனிமே நீங்க அலைய வேண்டாம்மா. பார்க்க வேண்டியதெல்லாம் பார்த்தாச்சு" என்றார். வெளியே வந்தோம். உக்கடத்தில் சிங்காநல்லூர் பஸ்ஸுக்காக நின்றபோது வால்பாறை பஸ் வந்தது. இவர் ஒன்றும் சொல்லாமல் அதில் ஏறிவிட்டார். நானும் பின்னாலேயே ஏறினேன். மாற்றுத் துணி கிடையாது, ஸ்வெட்டர் கிடையாது. கையில் பதினோரு வருஷத்து மருத்துவ ஃபைல் மட்டும்தான். மலைப்பாதையின் வளைவு ஒவ்வொன்றிலும் இவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தார். நான் அந்த ஃபைலால் விசிறினேன். அத்தனை வருஷத்தில் அது உருப்படியாக உதவியது அன்றைக்குத்தான்.

மேலே போய் இறங்கி, குளிரில் நடுங்கிக்கொண்டே, ஒரு டீக்கடை வாசலில் நின்று சூடாக பஜ்ஜி தின்றோம். எதிரே தேயிலைச் சரிவில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. நான் சிரித்தேன். எதற்கென்று எனக்கே தெரியவில்லை. இவரும் சிரித்தார். அதற்கப்புறம் டாப்சிலிப், திருமூர்த்தி மலை, கொல்லிமலை என்று எங்கே மலையும் தண்ணீரும் இருக்கிறதோ அங்கெல்லாம் கிளம்பிவிடுகிறோம்.

சொந்தங்களோடு சண்டை ஒன்றும் இல்லை. விசேஷம் முடிந்த அடுத்த வாரம் போய்க் குழந்தையைக் கொஞ்சி, மிச்சமிருக்கிற முறுக்கைத் தின்றுவிட்டுத்தான் வருவோம். விசேஷ நாளில் மட்டும் போவதில்லை. கடைசியாகப் போனபோது என் கையிலிருந்த சந்தனக் கிண்ணத்தை நாத்தனார் சிரித்த முகத்தோடு வாங்கி, இரண்டு பெற்ற இன்னொருத்தி கையில் கொடுத்தாள். வெடுக்கென்று பிடுங்கியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை கேட்டிருப்பேன். சிரித்துக்கொண்டே வாங்கினால் என்ன செய்வது?

இந்தத் தடவை பத்திரிகை பொள்ளாச்சியிலிருந்து வந்தது. பொள்ளாச்சி தெற்கே இருக்கிறது. நாங்கள் வடக்கே கிளம்பினோம். பவானிசாகருக்கு அந்தப் பக்கம், காட்டுக்குள், மோயாற்றுக்கு அக்கரையில் ஓர் ஊர். பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் நீங்களெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவீர்கள். அங்கே இருப்பதோ இரண்டே பரிசல்.

எங்கள் திட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. காதுகுத்து வைக்கிற நாள் நல்ல முகூர்த்த நாளாகத்தான் இருக்கும். ஆகவே விசேஷத்திலிருந்து தப்பி ஓடுகிற எங்களுக்கு வாய்க்கிற பஸ்ஸெல்லாம் விசேஷத்துக்குப் போகிறவர்களால் நிரம்பி வழிகிற பஸ்தான். அதுவும் ஆவணி மாதம். பட்டுப்புடவைகளுக்கும் தாம்பாளத் தட்டுகளுக்கும் நடுவே, ரப்பர் செருப்பும் தோளில் பையுமாக நாங்கள் இருவர் மட்டும் தனித்துத் தெரிவோம்.

இவருடைய கையில் எப்போதும்போல் ஐந்து லிட்டர் கேன். உள்ளே சிறுவாணித் தண்ணீர். சிங்காநல்லூரில் மோட்டார் காயில் கட்டுகிற பட்டறை வைத்திருக்கும் இவர், உலகத்தில் வேறெங்கும் தண்ணீர் என்ற ஒன்று இருப்பதையே ஒப்புக்கொள்வதில்லை. எங்கள் குழாயில் அது என்றைக்கு வரும் என்று கடவுளுக்குத்தான் தெரியும் என்பது வேறு விஷயம்.

பவானிசாகரில் காட்டு பஸ்ஸில் ஏறினோம். முன்பக்கம் பெண்கள், பின்பக்கம் ஆண்கள். நான் முன்னால், இவர் பின்னால். என் பக்கத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் உட்கார்ந்தார். பெயர் செல்லம்மா. அவர் காலடியிலும், சுற்றியிருந்த பெண்கள் காலடியிலும் வாய்க்கு வெள்ளைத்துணி கட்டிய பித்தளைப் போசிகள். போசி என்றால் எங்கள் பக்கம் பாத்திரம். எண்ணிப் பார்த்தேன், ஏழு. அவருடைய மகள் மல்லிகாவுக்கு ஏழாம் மாதம். கட்டுச்சோறு விருந்துக்குப் போகிறார்களாம். அதாவது தாய்வீட்டார் விதவிதமாகச் சோறு ஆக்கி எடுத்துக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் போய், பெண்ணுக்கு ஊட்டிவிட்டு, பிரசவத்துக்கு அழைத்து வருவது. பஸ் முழுக்கப் புளிச்சோறும் எள்ளுச்சோறும் மணந்தது. காலையில் ஓர் இட்லியோடு கிளம்பிய எனக்கு வயிறு கேள்வி கேட்க ஆரம்பித்தது.

"ஏனுங்க அம்மணி, நீங்களும் விசேஷத்துக்குத்தானுங்களா?" என்றார் செல்லம்மா.

"இல்லீங்க. சும்மா, ஊர் பாக்கப் போறோமுங்க."

"சும்மாவா!" என்னை ஏற இறங்கப் பார்த்தார். யானைக்காட்டுக்குள் சும்மா போகிறவர்களை அவர் அதுவரை பார்த்ததில்லை போலும். "அப்ப கொழந்தைகளை ஆருகிட்ட உட்டுப்போட்டு வந்தீங்க?"

எத்தனை குழந்தை என்று கேட்டிருந்தால், வழக்கம்போல இல்லை என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பியிருப்பேன். செல்லம்மாவோ யாரிடம் விட்டு வந்தீர்கள் என்று கேட்கிறார். இதற்கு என்ன சொல்வது?

"பையனுங்க. ஊட்டியில ஹாஸ்டல்ல படிக்கறானுங்க" என்று என் வாய் சொல்லிவிட்டது.

சொன்னபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் செல்லம்மாவின் முகம் மலர்ந்ததைப் பார்த்தபோது, உண்மையைச் சொல்கிறேன், எனக்கு நன்றாகத்தான் இருந்தது. பையனுக்கு ஊட்டிக் குளிர் ஒத்துக்கொள்கிறதா என்றார். ஒத்துக்கொள்கிறது என்றேன். லீவுக்கு வந்தால் என்ன செய்து போடுவீர்கள் என்றார். கச்சாயம் என்றேன். இல்லாத பையனுக்கு அரைமணி நேரம் வெல்லப்பாகு காய்ச்சினேன்.

காட்டு ஓடை ஒன்றைத் தாண்டும்போது பஸ்ஸின் பின்சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டது. எல்லாரும் இறங்கினோம். பாதையோரம் யானைச் சாணம் ஆவி பறக்கக் கிடந்தது. டிரைவர் அதைப் பார்த்துவிட்டு, "ஆரும் சத்தம் போடாதீங்க சாமி" என்று எல்லாரையும்விடப் பெரிய சத்தமாகச் சொன்னார். என் வீட்டுக்காரர் மோட்டார் தொழில் என்பது அதற்குள் பஸ் முழுக்கப் பரவியிருந்தது. அவரைக் கூப்பிட்டுச் சக்கரத்துக்கு முன்னால் நிறுத்தினார்கள். "நான் தண்ணி எறைக்கற மோட்டாருக்குக் காயில் கட்டறவனுங்க. பஸ்ஸுக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லீங்க" என்று மன்றாடினார். யாரும் கேட்பதாக இல்லை. கடைசியில் அவரும் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு பஸ்ஸைத் தள்ளப் போனார். பஸ் ஏறியது. சேறு முழுக்க இவர்மேல்.

அப்போதுதான் செல்லம்மாவின் தம்பி, பின்சீட்டில் இவரோடு பேசிக்கொண்டு வந்தவர், உற்சாகமாக வந்தார். "அக்கா, இவரு மக யாழினி ஆறாங்கிளாஸ்ல மொத ரேங்காமா! நம்ம புள்ளைகளும் இருக்குதுகளே!"

செல்லம்மா என் பக்கம் திரும்பினார். "பையன்னு சொன்னீங்களே அம்மணி?"

நான் புடவைத் தலைப்பில் இல்லாத சேற்றைத் துடைத்தேன்.

"ரெண்டுங்க" என்றேன். "பையன் மூத்தவனுங்க."

"ஆமாங்க, ரெண்டுங்க, ரெண்டு" என்றார் இவர், கொஞ்சம் அவசரமாக.

சிரிக்கவேண்டிய இடம்தான். ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. யாழினி. கல்யாணமான முதல் வருஷம், சிங்காநல்லூர்க் குளத்துக்கரையில் நடந்துகொண்டிருந்தபோது நாங்கள் இருவரும் சேர்ந்து வைத்த பெயர். பெண் பிறக்கும் என்பதில் இருவருக்குமே சந்தேகம் இருக்கவில்லை. முதல் கிளினிக்குக்குப் போன நாளிலிருந்து அந்தப் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவரும் சொன்னதில்லை. அவர் மறந்துவிட்டார் என்றுதான் நினைத்திருந்தேன்.

மறுபடி பஸ்ஸில் ஏறும்போது அவர் காதருகே கேட்டேன். "ஏனுங்க, பொய் சொல்றதுன்னா வேற பேரு கெடைக்கலீங்களா?"

முகத்துச் சேற்றைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "வேற பேரு எனக்குத் தெரியாது அம்மணி."

ஆற்றங்கரையில் பஸ் நின்றுவிடும். அதற்குமேல் பரிசல்தான். மேலே மலையில் மழை. மோயாறு செம்மண் நிறத்தில், கரை மரங்களின் வேரை நனைத்துக்கொண்டு ஓடியது. இவர் ஆற்றைப் பார்த்தவுடனே, அக்கரையில் தெரிந்த பாறைக்குன்றைக் காட்டி, "ஏழரை எச்.பி. மோட்டார் ஒண்ணு போட்டா அந்தக் கரட்டு உச்சிக்கே ஏத்திப்போடலாம்" என்றார். நீச்சல் தெரியாதவருக்குத் தண்ணீரைப் பார்த்தால் வருகிற யோசனை இதுதான்.

செல்லம்மாவுக்கு வேறு கவலை. கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு போகிற பெண்கள் ஒற்றைப்படையில் இருக்கவேண்டும். ஏழு போசி, ஏழு பெண்கள். ஆனால் அவருடைய ஓரகத்தி சத்தியமங்கலம் பஸ் ஸ்டாண்டில் முகூர்த்தக் கூட்டத்தில் ஏறமுடியாமல் நின்றுவிட்டாள். பஸ்ஸில் மூன்று தடவை எண்ணி, கரையில் நான்காவது தடவை எண்ணியும் ஆறுதான் வந்தது. அவர் கண் சுற்றிச் சுற்றி வந்து என்மேல் நின்றது.

"அம்மணி, நீங்க ரெண்டு பெத்த மகராசி. இந்தப் போசியைக் கொஞ்சம் தூக்கிக்கறீங்களா? ஊருக்குள்ள போற வரைக்குந்தான்."

மறுத்திருக்கவேண்டும். ஆனால் அவர் அதற்குள் புளிச்சோற்றுப் போசியை என் கையில் வைத்துவிட்டார். அடிப்பக்கம் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. யாரும் என்னிடம் இப்படி ஒன்றை நம்பிக் கொடுத்து ரொம்ப நாளாகிறது. வாங்கிக்கொண்டேன்.

பெண்கள் முதல் பரிசலில் ஏறினோம். ஆண்கள் பின்னால் இரண்டாவதில். பரிசல்காரர் மாரப்பன் துடுப்பால் ஓர் உந்து உந்தியதும் பரிசல் ஆடிக்கொண்டே நகர்ந்தது. போசியை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்திருந்தேன். பாதி ஆறு வந்தபோது எனக்குப் பயம் வந்துவிட்டது. தண்ணீரைப் பார்த்து இல்லை. இந்தச் சோறு ஓர் ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சிக்கு. நாளைக்கு அந்தப் பெண்ணுக்கு ஒன்று ஆகிவிட்டால்? மலடி தொட்ட சோறு என்று ஊர் பேசுவது இருக்கட்டும். எனக்கே தோன்றுமே! சந்தனக் கிண்ணத்தை வாங்கிய நாத்தனாரை மூன்று வருஷமாக மனசுக்குள் திட்டிக்கொண்டிருக்கிறேன். அவள் நம்புகிற அதையே நானும் எங்கோ ஒரு மூலையில் நம்பிக்கொண்டிருந்தேன் என்பது நடு ஆற்றில்தான் தெரிந்தது.

"அக்கா" என்றேன். "எனக்குக் கொழந்தை இல்லீங்க."

செல்லம்மா திரும்பினார். "என்னுங்க?"

"பையன் இல்லீங்க. அது பொய்யிங்க."

"யாழினி?"

"அதும் பொய்யிங்க. பேரு மட்டுந்தான் நெசம்."

சொல்லி முடிப்பதற்குள் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்துவிட்டது. ஆறு பெண்களும் என்னையே பார்த்தார்கள். எழுந்து போகவும் முடியாது. இப்படி ஓர் உண்மையைச் சொல்வதற்கு நடு ஆற்றைவிட மோசமான இடம் கிடையாது. மாரப்பன் மட்டும், "எதா இருந்தாலும் அசையாம அழுவுங்க தாயி, பரிசல் சுத்துது" என்றார்.

செல்லம்மா கையை நீட்டி என் மடியிலிருந்த போசியை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

பழைய சந்தனக் கிண்ணம்தான். சரி, செல்லம்மா சிரிக்கவாவது இல்லை என்று நினைத்துக்கொண்டேன். பின்பரிசலிலிருந்து இவர், "என்னாச்சு அம்மணி?" என்று கத்தினார். கேனையும் பரிசல் விளிம்பையும் ஒரே சமயத்தில் பிடித்துக்கொண்டிருந்ததால் அவரால் கையை ஆட்டக்கூட முடியவில்லை.

அக்கரையில் இறங்கினோம். பெண்கள் புடவையை உதறி, ஆளுக்கொரு போசியைத் தூக்கிக்கொண்டு மணல்மேட்டில் வரிசையாக ஏறினார்கள். நான் தண்ணீர் ஓரத்தில் நின்று முகத்தைக் கழுவினேன். திரும்பி அடுத்த பஸ்ஸிலேயே போய்விடலாம் என்று முடிவு செய்துவிட்டேன். நிமிர்ந்தபோது செல்லம்மா மேட்டுமேல் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க அம்மணி, போசி அங்கயே நிக்குது. அதை ஆரு தூக்கறது? எனக்கென்ன நாலு கையா இருக்குது?"

மணலில் புளிச்சோற்றுப் போசி தனியாக இருந்தது.

"அக்கா, நீங்கதான வாங்கிக்கிட்டீங்க?"

"பின்னெ? நீங்க பாட்டுக்கு அது மேல குனிஞ்சு அழுவறீங்க. கண்ணீரு சோத்துல உழுந்துபோட்டா எம்பொண்ணு உப்புச் சோறா திம்பா? மொகத்தைக் கழுவிட்டீங்கல்ல? எடுத்துக்கிட்டு வாங்க. ஒத்தப்படைக்கு ஒரு ஆளு வேணும்." நான் அசையாமல் நிற்பதைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு இன்னும் கொஞ்சம் சொன்னார். "பொய் சொன்னது தப்புத்தான். அதுக்குச் சாப்பிட்டு முடிச்சதும் அத்தனை போசியும் நீங்கதான் தேய்க்கோணும். அந்த ஊட்டிப் பையனுக்கு நான் என்ன ஏதுன்னு அரைமணி நேரம் கவலைப்பட்டிருக்கறேன்!"

ஏழாவது ஆளாக ஊருக்குள் போனேன்.

மல்லிகா இருபது வயதுப் பெண். மனையில் உட்காரவைத்து ஏழு பேரும் வரிசையாக ஆளுக்கு ஒரு வாய் ஊட்டினோம். சம்பந்தி வீட்டார் நான் யாரென்று கேட்டபோது செல்லம்மா, "கோயமுத்தூருங்க. எங்களோட வந்தவங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டார். என் முறை வந்தபோது பயந்துகொண்டே சின்ன உருண்டையாக எடுத்தேன். மல்லிகா வாயைத் திறந்து, "அக்கா, புளிச்சோறு இன்னொரு வாய் வெய்ங்க. காலையிலிருந்து பட்டினி போட்டுட்டாங்க" என்று கிசுகிசுத்தாள். இரண்டு வாய் வைத்தேன். மூன்றாவதும் கேட்டாள். எனக்கு வந்த சிரிப்பில், பயம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் போனால் பாவம். புளிச்சோறு, எள்ளுச்சோறு, தேங்காய்ச்சோறு, எலுமிச்சஞ்சோறு, தக்காளிச்சோறு, சர்க்கரைப் பொங்கல், கடைசியில் மாதுளை முத்து போட்ட தயிர்ச்சோறு. இவர் ஏழையும் இரண்டு சுற்று முடித்தார். புளிச்சோற்றின் காரத்தில் விக்கல் எடுக்க, கேனைத் திறந்து பார்த்தால் காலி. பந்திக்கு முன்னால் பஸ் தள்ளியவர்கள் சேற்றுக்கையைக் கழுவ சிறுவாணித் தண்ணீரை ஊற்றித் தீர்த்திருந்தார்கள். வேறு வழியில்லாமல் மண்பானையில் தெளியவைத்திருந்த மோயாற்றுத் தண்ணீரைக் குடித்தார். இன்னொரு செம்பு கேட்டார். "பரவாயில்லை" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்தது எங்கள் வட்டாரத்துக்கே செய்தி.

ஏழு போசியையும் நான்தான் தேய்த்தேன். பக்கத்தில் செல்லம்மா உட்கார்ந்துகொண்டு, பஸ்ஸில் நான் அவிழ்த்துவிட்ட கதையை வீட்டுப் பெண்களுக்கெல்லாம் நடித்துக் காட்டினார். கச்சாயத்துக்குப் பாகு காய்ச்சிய இடத்தில் மல்லிகா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மறுநாள் விடிந்ததும் மாரப்பன் எங்களைக் கரட்டுமேல் கூட்டிப்போனார். இரண்டு மணிநேர ஏற்றம். கடைசிப் பாறைக்குக் கையும் காலும் வைத்துத் தொற்றி ஏறவேண்டும். இவர் பாதியில் உட்கார்ந்து, "நீ போயிட்டு வந்து சொல்லு" என்றார். நான் ஏறினேன். மேலே போய் நின்றால் கீழே மோயாறு கயிறுபோல் வளைந்து கிடந்தது. பிணந்தின்னிக் கழுகுகள் எங்களுக்குக் கீழே வட்டமிட்டன. பறவையின் முதுகை நான் பார்த்தது அன்றைக்குத்தான். தூரத்து மணல்திட்டில் ஒரு மரக்கட்டை கிடந்தது. மாரப்பன் ஒரு விசில் அடித்தார். அந்தக் கட்டை எழுந்து ஆற்றுக்குள் போனது.

"மொதலைங்களா?" என்றேன்.

"நேத்து சொன்னா பரிசல்ல ஏறுவீங்களா தாயி?"

பாறைமேல் மல்லாந்து படுத்தேன். பதினாலு வருஷமாக இந்த உடம்பைப் பற்றி எல்லாரும் குறைதான் சொன்னார்கள். டாக்டர்கள் சொன்னார்கள், சொந்தங்கள் சொன்னார்கள், எல்லாரையும்விட அதிகமாக நான் சொன்னேன். அது பாட்டுக்கு என்னை ஒரு மலை உச்சியில் கொண்டுவந்து வைத்திருக்கிறது. மூச்சு வாங்கியது, முட்டி வலித்தது, நெஞ்சு திடுதிடு என்று அடித்தது. எல்லாம் வேலை செய்கிறது. அதனிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும்போல் இருந்தது. சந்தோஷமாக இருந்தேன். இதை வேறு எப்படிச் சுற்றி வளைத்துச் சொல்வதென்று தெரியவில்லை.

இறங்கி வந்தபோது மல்லிகாவின் மாமியார் சுடச்சுட ராகிக்களியும் கொள்ளுப்பருப்பும் போட்டார். எங்கள் வீட்டில் களி கிண்டினால் முகத்தைச் சுளிக்கிற இவர், மூன்று உருண்டை சாப்பிட்டார். பாதி மலை ஏறியதற்கே இந்தப் பசி.

மூன்றாம் நாள் காலை எல்லாரும் சேர்ந்து திரும்பினோம். மல்லிகா தாய்வீட்டுக்கு. ஆறு இன்னும் இறங்கவில்லை. அவள் பரிசலில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து எத்தனையோ தடவை ஆற்றைத் தாண்டியிருக்கிறாள். ஆனால் வயிற்றில் ஓர் ஆளோடு இவ்வளவு தண்ணீரில் இதுதான் முதல் தடவை.

"தண்ணியைப் பாக்காத கண்ணு. அக்கரையில அந்த மருத மரத்தைப் பாரு" என்றேன். இரண்டு நாள் அனுபவம்தான். ஆனால் குரல் பிறந்ததிலிருந்து பரிசலில் வாழ்ந்தவள்போல வந்தது.

மரத்தையே பார்த்துக்கொண்டு வந்தவள், நடு ஆற்றில் கேட்டாள். "அக்கா, அந்தப் பேரை வேற ஆருக்காச்சும் வெச்சிருக்கீங்களா?"

"எந்தப் பேரு?"

"யாழினி."

"இல்ல கண்ணு."

"அப்ப சும்மாதான இருக்குது?"

நான் செல்லம்மாவைப் பார்த்தேன். அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இது ஏற்கெனவே அம்மாவும் மகளும் பேசி வைத்த விஷயம் என்று புரிந்தது.

பெயர் என்னுடையது மட்டுமாக இருந்தால் அந்த நிமிஷமே கொடுத்திருப்பேன். "அதுல பாதி அவருது கண்ணு. கேட்டுச் சொல்றேன்" என்றேன். பின்னால் வந்த பரிசலைப் பார்த்துக் கத்தினேன். "ஏனுங்க! மல்லிகா அந்தப் பேரைக் கேக்கறா! கொழந்தைக்கு வெக்கறதுக்கு!"

தண்ணீர்ச் சத்தத்தில் கேட்கவில்லையோ என்று மறுபடி கத்த வாயெடுத்தேன். அப்போது பார்த்தேன். பரிசல் விளிம்பிலிருந்து ஒரு கையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நீச்சல் தெரியாத மனுஷர் அந்த ஆற்றில் ஒரு கையை விட்டார்.

"குடுத்துரு அம்மணி" என்று குரல் வந்தது. "நல்லா வெச்சுக்கச் சொல்லு."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதே குரல். "பையன் பொறந்தா என்ன பண்றதாம்?"

"உங்க ஊட்டிப் பையன் பேரை வெச்சுக்கறமுங்க!" என்றார் செல்லம்மா.

"அவனுக்கு அம்மணி இன்னும் பேரே வெக்கலீங்களே!" என்றார் இவர்.

இரண்டு பரிசலும் சிரித்ததில், மாரப்பன் துடுப்பைத் தட்டி, "அசையாமச் சிரிங்க சாமி" என்றார்.

அடுத்த வருஷக் கடைசியில் ஒரு காதுகுத்துப் பத்திரிகை வந்தது. வழக்கம்போல இவர் உறையைப் பிரித்து ஊர்ப் பெயரைத்தான் முதலில் பார்த்தார். பிறகு குழந்தையின் பெயரைப் பார்த்தார். பத்திரிகையை என் கையில் கொடுத்துவிட்டுப் பட்டறைக்குள் போனார். ரொம்ப நேரம் அங்கே மோட்டார் ஓடுகிற சத்தமே கேட்கவில்லை. வெளியே வந்து, "வடக்க போற பஸ் காலையில எத்தனை மணிக்குன்னு கேட்டுட்டு வாரேன்" என்றார்.

நானும் பையை எடுத்துத் தூசி தட்டினேன். இந்தத் தடவை உள்ளே பட்டுப்புடவை வைத்தேன்.

முகூர்த்த நாள், பஸ்ஸில் நிற்க இடமில்லை. முன்னால் எனக்கு எப்படியோ ஓர் இடம் கிடைத்தது. இவர் கேனோடு பின்னால் போய்விட்டார். பக்கத்து அம்மாள் என் புடவையையும் மடியிலிருந்த பூப்பையையும் பார்த்தார். ஊர் தாண்டுவதற்குள், "ஏனுங்க, எத்தனை கொழந்தைங்க?" என்றார்.

"இல்லீங்க" என்றேன்.

அவர் முகம் வழக்கமான அனுதாபத்துக்குத் தயாரானது. "அப்ப இவ்வளவு சந்தோசமா எங்கீங்க கெளம்பிட்டீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னால் ஆண்கள் பக்கத்திலிருந்து இவர் குரல் பஸ் முழுக்கக் கேட்டது. அங்கேயும் யாரோ அதே கேள்வியைத்தான் கேட்டிருக்கவேண்டும்.

"யாழினிக்குக் காது குத்தறாங்க" என்று நானும் சொன்னேன்.